ஷீபா நடந்தாள் என்பதற்கு நான் சாட்சி

எங்கள் ஆபீஸில் ரிட்டயர் ஆன முதல் ஆள் நான்தான். வீடியோ கேம் செய்கிற இடத்தில் ஒரு மனிதன் ரிட்டயர் ஆவான் என்று யாரும் நினைத்தே பார்த்ததில்லை போலிருக்கிறது. என்னோடு வேலை பார்த்த பிள்ளைகளுக்கு நாற்பது வயதைத் தாண்டினாலே கிழடு. போன மாதம் அவர்களில் நாலைந்து பேர் சேர்ந்து போன் போட்டார்கள். இப்போதெல்லாம் கம்ப்யூட்டரிடம் இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் போதுமாம், விண்கப்பலுக்குள் அறை, கதவு, கட்டில் எல்லாவற்றையும் அதுவே வைத்துத் தந்துவிடுமாம். "அண்ணே, நீங்க அந்தக் காலத்துல கப்பலுக்க உள்ள எப்படி அண்ணே செஞ்சிய? ஒண்ணு எழுதித் தாருங்க, நாங்க படிக்கட்டும்" என்றார்கள். அந்தக் காலமாம். நான் சொல்லப்போவது நேற்று முந்தாநாள் நடந்த மாதிரி இருக்கிறது எனக்கு. சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன.

செரி, எழுதலாம் என்று உட்கார்ந்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. எப்படிச் செய்தோம் என்பது எனக்கு இன்றைக்கும் முழுதாகப் புரிந்தபாடில்லை. செய்தது உண்மை. சம்பளம் வாங்கியதும் உண்மை. ஆனால் என்ன செய்தேன் என்று கேட்டால் வாய் குழறுகிறது. ஷீபாவின் வேலை போகப் பார்த்த அந்த ஒரு வாரத்தை மட்டும்தான் என்னால் தலையும் வாலுமாகச் சொல்ல முடியும். அதையும் சொல்லி முடித்தபின் நான் தெளிந்துவிடுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

நான் படித்தது ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன் படிப்பு. நாகர்கோவிலில் ஒரு இன்ஜினீயரிடம் வீட்டு பிளான் வரைந்துகொண்டிருந்தேன். முதலில் டிரேசிங் பேப்பர், பிறகு கம்ப்யூட்டர். அதன்பிறகு, இன்னும் அஸ்திவாரமே தோண்டாத ஃபிளாட்டைக் கட்டி முடித்துக் குடிபோன மாதிரி படம் செய்து காட்டுகிற வேலை. சோபாவில் வெயில் விழும், ஜன்னலில் திரை ஆடும், பார்க்கிறவர்கள் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போவார்கள். அங்கிருந்துதான் தாணு சார் என்னை வெளிநாட்டு கேம் வேலைக்கு இழுத்துக்கொண்டு போனார். "இல்லாத வீட்ட இருக்க மாதிரி காட்டுதீரு. இல்லாத கப்பல காட்ட மாட்டீரா வே?" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

தாணு சார் சுசீந்திரத்துக்காரர். அவரும் வீடு கட்டுகிற இன்ஜினீயராக இருந்து இந்தப் பக்கம் வந்தவர்தான். வயதில் எனக்கு இளையவர், ஆனாலும் எனக்கு அவர் சார், அவருக்கு நான் 'வே'. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. 'தப்பு' என்ற சொல் அவர் வாயில் வரவே வராது. நாம் செய்து வைத்திருப்பதை நம் முதுகுக்குப் பின்னால் நின்று ரசிக்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு மெதுவாகக் கையை நீட்டி மானிட்டரை அணைத்துவிடுவார். ஸ்கிரீன் கறுத்து, நம் மூஞ்சி அதில் தெரியும். "இப்பம் சொல்லும்" என்பார்.

பார்த்துக்கொண்டே சொன்னால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். பார்க்காமல் சொல்லத் தொடங்கினால் தெரியும் சேதி. "கதவத் தொறந்தா இடப்பக்கம் கட்டில்... இல்ல, வலப்பக்கம்..." என்று எங்கேயாவது தடுமாறுவோம். தடுமாறின இடத்தில்தான் கோளாறு இருக்கும். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். மானிட்டரைத் திரும்பப் போட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவார். முதல் வருடம் எனக்கு இது பெரிய மானக்கேடாக இருந்தது. சொல்லவேண்டியதை வாய்விட்டுச் சொன்னால் என்ன குறைந்துவிடும் இந்த மனுஷனுக்கு என்று வீட்டில் வந்து பொரிந்து தள்ளியிருக்கிறேன்.

எங்களுக்கு வேலை கொடுத்த கம்பெனி ஐரோப்பாவில் எங்கோ இருந்தது. விண்வெளியில் கப்பல் ஓட்டுகிற கேம். பல வருடங்களாகக் கப்பலின் வெளிப்புறத்தை மட்டும் செய்து கொடுத்தோம். ஓட்டுகிறவன் உட்கார ஒரு இருக்கை, அதற்கு முன்னால் ஒரு கண்ணாடி, அவ்வளவுதான். அதற்குப் பின்னால் ஒன்றும் கிடையாது. வெறும் தகர டப்பா. அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதுமில்லை.

திடீரென்று ஒருநாள் சேதி வந்தது. விளையாடுகிறவர்கள் இருக்கையை விட்டு எழுந்து கப்பலுக்குள் நடக்க ஆசைப்படுகிறார்களாம். அதனால் இருக்கிற கப்பல்களுக்கெல்லாம் உள்ளே அறைகள் வைக்கவேண்டும். நான் தாணு சாரிடம் கேட்டேன், "பறக்க கப்பல்ல எழும்பி நடந்து எங்க சார் போவான்? அடுக்களைக்கா?" என்று.

"அடுக்களைக்கும் போவான் வே. போயிட்டுத் திரும்பி வந்து அதே சீட்டுல இருப்பான்."

"அதுக்கு எதுக்கு எழும்பணும்?"

"நீரு சாயங்காலம் ஜங்ஷன் வரைக்கும் நடந்துட்டுத் திரும்பி வாறீரே, எதுக்கு?"

இந்த வேலையில் குழப்பம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தொடங்கியது.

முதல் குழப்பம் அளவு. கப்பலின் வெளிப்புறத்தை அழகு பார்த்துச் செய்திருந்தோமே தவிர, உள்ளே ஆள் நிற்பான் என்று எந்தப் பாவி நினைத்தான்? ஒரு ஆளை உள்ளே நிறுத்திப் பார்த்தால் தலை கூரைக்கு வெளியே வந்தது. கட்டிலைப் போட்டால் கட்டில் கால் கப்பலின் அடிவயிற்றைத் துளைத்துக்கொண்டு கீழே தொங்கியது. வெளிப்புறத்தைக் கொஞ்சம் ஊதிப் பெரிதாக்கலாமா என்று கேட்டோம். கூடாது, அந்த உருவத்தைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கினவர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று பதில் வந்தது. கடைசியில் உள்ளே பெரிது, வெளியே சிறிது என்று ஒரு கப்பலைச் செய்தோம். ஜன்னலில் தெரிகிற வெளி ஒரு இடம், ஜன்னல் உண்மையில் இருக்கிற இடம் வேறு. வீட்டு பிளானில் இப்படி வரைந்திருந்தால் பஞ்சாயத்து ஆபீஸில் மூஞ்சியில் விட்டெறிந்திருப்பார்கள்.

அடுத்த குழப்பம் இதைவிட மோசம். அங்கேயிருந்து மார்ட்டின் என்கிறவர் எங்களோடு பேசுவார். தாடி வைத்த ஆள், அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு சைக்கிள் தொங்கும். அவர் விளக்கினார்: கப்பல் பறக்கும்போது உள்ளே இருக்கிற அறைகள் பறப்பதில்லை. அவை எங்கோ ஒரு மூலையில் அசையாமல் நிற்கின்றன. ஒவ்வொரு அறையையும் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டி வைக்கவேண்டும். ஆள் அந்தப் பெட்டிக்குள் நிற்கிறவரை, அவன் இந்தக் கப்பலைச் சேர்ந்தவன் என்று கேம் கணக்கில் வைத்துக்கொள்ளும். ஒரு பெட்டியை விட்டு அடுத்த பெட்டிக்குள் போகிறவனுக்கு இமைக்கிற நேரம் அவகாசம் கொடுக்கும்.

"அப்போ பறக்கது எது?" என்று கேட்டேன்.

"வெளிப்புறம்" என்றார்.

"உள்ள இருக்கவன்?"

"அவன் நிற்கிறான். பறப்பதாக நினைத்துக்கொள்கிறான்."

தாணு சார் என்னைப் பார்த்து, "மனசிலாச்சா?" என்றார். மனசிலாகவில்லை. தலையை ஆட்டி வைத்தேன். அன்று இரவு என் வீட்டுக்காரியிடம் இதைச் சொன்னபோது, "நீங்க பேசாம ஒறங்குங்க" என்றாள். யாராவது என் வேலையைப் பற்றி விசாரித்தால் அவள், "கம்ப்யூட்டர்ல வீடு கெட்டுதாவ" என்று சொல்லி முடித்துவிடுவாள். அதுவே பரவாயில்லை என்று நானும் விட்டுவிட்டேன்.

புரிந்ததோ புரியவில்லையோ, பெட்டிகளை வைத்தோம். எங்கள் ஆபீஸில் பாதிப்பேர் வீட்டு பிளானில் இருந்து வந்தவர்கள். அறை என்றால் எங்களுக்கு உட்சுவரில் தொடங்கி எதிர் உட்சுவரில் முடிவது. சுவரின் கனம் எந்த அறைக்கும் சொந்தமில்லை. அப்படித்தான் காலமெல்லாம் வரைந்தோம், அப்படியேதான் இங்கேயும் வைத்தோம். அதில் யோசிக்க ஒன்று இருப்பதாகவே யாருக்கும் தோன்றவில்லை. அறைக்கும் அறைக்கும் நடுவே கதவு. கதவின் அடியில், மார்ட்டின் அனுப்பிய படத்தில் இருந்தபடியே, கொஞ்சம் உயர்ந்த ஒரு படி.

இனி ஷீபா. அவள் அருமனைக்காரி. தினமும் பஸ் ஏறி வந்து, எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காருவாள். நாங்கள் செய்து முடித்த கப்பலுக்குள் கீபோர்டு வழியாக நடந்து பார்த்து, கோளாறு இருந்தால் எழுதுவது அவள் வேலை. இருக்கையிலிருந்து எழும்புவாள். அறைக்குப் போவாள். சுவரில் முட்டிப் பார்ப்பாள், கட்டிலில் ஏறிக் குதிப்பாள், அலமாரியைத் திறந்து மூடுவாள். பிறகு அடுத்த அறை. கப்பல் நிற்கும்போது ஒருதரம், பறக்கும்போது ஒருதரம், தலைகீழாகப் புரளும்போது ஒருதரம். செய்வதைத் தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டே செய்வாள். "கட்டில் ஆச்சு, அலமாரி ஆச்சு, அடுத்த ரூம்." கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். ஒரு மூலையைக்கூட விடமாட்டாள். நான் போட்ட கூரையில் ஒரு விரற்கடை இடைவெளி இருந்தாலும் கண்டுபிடித்து, "அண்ணே, மழை பெஞ்சா ஒழுவும்" என்பாள். ஆகாயத்தில் ஏது மழை என்று நான் முறைப்பேன். சிரிப்பாள்.

அவள் புருஷன் வளைகுடாவிலிருந்து வேலை போய்த் திரும்பி வந்திருந்தான். வீடு அவள் வேலையில்தான் ஓடியது. அதை அவள் சொல்லி நான் கேட்டதில்லை. மத்தியானம் அவள் போனில் பேசுவதிலிருந்து தெரியும்.

கப்பல் வெளியான பிறகு புகார் வரத் தொடங்கியது. உள்ளே நடக்கிற ஆள் திடீரென்று கப்பலுக்கு வெளியே கிடக்கிறானாம். கப்பல் அவனை விட்டுவிட்டுத் தன்பாட்டுக்குப் போய்விடுகிறதாம். ஒருவர் இருவர் இல்லை, எக்கச்சக்கமான பேர் சொன்னார்கள். மார்ட்டின் எங்களிடம் கேட்டார். ஷீபா திரும்பவும் நடந்து பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கோளாறு இல்லை என்று எழுதினாள். புகார் நிற்கவில்லை. திரும்பவும் நடந்தாள். திரும்பவும் இல்லை என்று எழுதினாள்.

அந்தத் திங்கட்கிழமை மார்ட்டின் எழுதியதைத் தாணு சார் எங்களுக்கு வாசித்துக் காட்டினார். தங்கள் ஊரில் சாதாரணமாக விளையாடுகிறவர்களுக்கே அடிக்கடி நடக்கிற ஒரு விஷயம், தினமும் சோதிக்கிறவருக்கு ஒருமுறைகூட நடக்காமல் இருக்க வழியில்லை. ஆகவே அந்தப் பெண் கப்பலுக்குள் நடக்கவே இல்லை, நடந்ததாக எழுதிக்கொண்டிருக்கிறார். இந்த வாரத்துக்குள் கோளாற்றைக் காட்டுங்கள், இல்லையென்றால் அவரை மாற்றுங்கள். எங்களிடம் இருந்ததே அந்த ஒரு கேம்தான். மாற்றுவது என்றால் வீட்டுக்கு அனுப்புவது.

ஷீபா எழுந்து நின்றாள். "நான் நடந்தேன் சார்" என்றாள்.

"தெரியும் மக்கா."

"நடந்துட்டுதான் சார் எழுதினேன்."

"தெரியும். இரி."

அவள் உட்காரவில்லை. என்னிடம் ஒருவன் 'நீ வரையாத பிளானை வரைந்ததாகச் சொல்கிறாய்' என்றால் பேப்பரைத் தூக்கிக் காட்டிவிடுவேன். இவள் எதைத் தூக்கிக் காட்டுவாள்? நடந்தால் தடம் பதிகிற இடமா அது?

நடந்ததைக் கம்ப்யூட்டர் எங்காவது பதிந்து வைத்திருக்குமா என்று கேட்டுப் பார்த்தேன். சோதனைக் கப்பலில் அந்த வசதி வைக்கவில்லை என்று தெரிந்தது. எல்லாரும் சேர்ந்து கோளாற்றைத் தேடினோம். ஆளாளுக்கு ஒரு கப்பலை எடுத்துக்கொண்டு ஓடினோம், குதித்தோம், தவழ்ந்தோம், கப்பலைப் பாறையில் மோதவிட்டோம். பிள்ளைகளில் ஒருவன் கட்டிலில் ஏறி நின்று பம்பரம் மாதிரி சுற்றிக்கொண்டேயிருந்தான். யாரும் வெளியே விழவில்லை. வியாழக்கிழமை ஆனபோது எனக்கே சந்தேகம் வந்தது. ஷீபாவின் மேல் இல்லை, அந்த ஊர்க்காரர்கள் மேல். இவர்கள் எல்லாரும் கூடிப் பொய் சொல்கிறார்களோ? ஏன் சொல்லவேண்டும்? ஒன்றும் பிடிபடவில்லை. ஷீபா யாரோடும் பேசுவதை நிறுத்தியிருந்தாள். முணுமுணுப்பும் நின்றுபோயிருந்தது. சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுபோனாள்.

அன்று மத்தியானம் தாணு சார் அவள் பின்னால் வந்து நின்றார். அவள் நடப்பதை நெடுநேரம் பார்த்தார். பிறகு கையை நீட்டி மானிட்டரை அணைத்தார். இந்த நேரத்தில் இந்தக் கூத்து தேவையா என்று எனக்குக் கோபம் வந்தது.

"மக்கா, நீ சீட்டுல இருக்க. எழும்பு" என்றார்.

"எழும்பியாச்சு சார்."

"பொறவு?"

"பின்னால திரும்புதேன். வாசல் வருது. அடுத்த ரூமுக்குப் போறேன்."

"பையச் சொல்லு. வாசல் வருது. பொறவு?"

"அடுத்த ரூம் சார்."

"வாசலுக்கும் ரூமுக்கும் எடையில?"

"எடையில என்ன சார் இருக்கு? படி இருக்கு. கடந்துருவேன்."

"படியில நிப்பியா?"

ஷீபா தலையைத் திருப்பி அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள். கேட்கக்கூடாத ஒன்றைக் கேட்டுவிட்ட மாதிரி. "வாசப்படியில எதுக்கு சார் நிக்கேன்? நிக்கப்பிடாதுல்லா" என்றாள்.

தாணு சார் கீபோர்டில் இருந்த அவள் விரல்களைப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார். "நீரு நின்னீரா வே?"

"இல்ல சார்."

பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் கேட்டார். ஒருவனும் நிற்கவில்லை. இத்தனை நாள் அத்தனை பேர் அத்தனை கப்பலுக்குள் குரங்காட்டம் போட்டிருக்கிறோம், கதவுப்படியில் மட்டும் ஒருவரும் நின்றதில்லை.

நிற்கக்கூடாது என்று யாராவது முடிவு செய்தா நடந்தோம்? எங்கள் வீட்டில் விளக்கு வைக்கிற நேரத்தில் நிலைப்படியில் உட்கார்ந்தால் முதுகில் ஒன்று விழும். வாசற்படியில் நின்று ஒரு பொருளைக் கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. ஒன்று உள்ளே வா, இல்லாவிட்டால் வெளியே போ. இதில் சாமி வித்தியாசம் கிடையாது. நாங்கள் அய்யாவழி, பதிக்குக் கும்பிடப் போகிறவர்கள், ஷீபா வீட்டில் சர்ச்சுக்குப் போகிறவர்கள், இரண்டு வீட்டிலும் இதே ஏச்சுதான். சிறுவயதில் காலுக்குச் சொன்னது, எங்களுக்கே தெரியாமல் கீபோர்டில் இருக்கிற விரலுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. மார்ட்டின் ஊரிலோ கதவில் சாய்ந்து நின்று பேசுவதுதான் பழக்கமாம். கப்பலுக்குள்ளும் அங்கேதான் நின்று இரண்டு அறையையும் வேடிக்கை பார்ப்பார்களாம், படம் எடுப்பார்களாம். இது எங்களுக்குப் பிறகு தெரிந்தது.

தாணு சார் மானிட்டரைப் போட்டார். "போ மக்கா. படியில நில்லு."

ஷீபா எழும்பினாள், நடந்தாள், கதவு வந்தது. அடுத்த அறைக்குள் போய்விட்டாள். "கை நிக்க மாட்டேங்குது சார்" என்றாள். திரும்பி வந்தாள். இந்தமுறை படியின் மேல் விரலை எடுத்தாள். நின்றாள்.

ஒரு நொடி ஒன்றுமில்லை. அடுத்த நொடி சுவர் கிடையாது, கூரை கிடையாது. எங்கள் கப்பல், நான் பார்த்துப் பார்த்துச் செய்த கப்பல், ஜன்னல்களில் விளக்கெரிய எங்களை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தது. சிறிதாகி, புள்ளியாகி, காணாமல் போனது. இருட்டில் அவள் நடத்திவந்த ஆள் மட்டும் அந்தரத்தில் நின்றான்.

சுவரின் கனம் எந்த அறைக்கும் சொந்தமில்லை என்றேன் அல்லவா? படி அந்தக் கனத்துக்குள்தான் இருந்தது. சும்மா கடந்து போகிறவனுக்கு அந்த இமைக்கிற நேர அவகாசம் போதும். நின்றுவிட்டவன் எந்தப் பெட்டியிலும் இல்லை. எந்தப் பெட்டியிலும் இல்லாதவனைக் கப்பல் ஏன் கொண்டுபோகும்?

பிள்ளைகள் கைதட்டினார்கள், மேசையில் அடித்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன். ஷீபா மட்டும் கைதட்டவில்லை. அவள் விரல் இன்னும் நடக்கிற பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தது. ஸ்கிரீனில் அந்த ஆள் வெறும் ஆகாயத்தில் காலை எட்டி எட்டி வைத்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் மார்ட்டினோடு பேசினோம். தாணு சார் சுவரையும் பெட்டியையும் விளக்கினார். வாசற்படி விஷயத்தை எப்படிச் சொல்வது என்று திணறி, "எங்கள் ஊரில் கதவில் யாரும் நிற்பதில்லை" என்று மட்டும் சொன்னார். மார்ட்டினுக்கு ஒரே சந்தோஷம். அருமையான கண்டுபிடிப்பு, பெட்டிகளை ஒன்றோடொன்று தொடுகிற மாதிரி நீட்டிவிடுங்கள், அந்தப் பெண்ணும் வேலையைத் தொடரட்டும் என்றார். முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன்.

ஷீபா தன் நாற்காலியைக் கேமராவுக்கு முன்னால் இழுத்துப் போட்டாள். "சார், நான் நடக்கவில்லை என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள்" என்றாள். பள்ளிக்கூட இங்கிலீஷ்தான். ஆனால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்து விழுந்தது.

அது முடிந்துபோன கதை, கோளாறுதான் கிடைத்துவிட்டதே என்றார் அவர்.

"கோளாறு கிடைத்தது. நான் நடந்தேனா இல்லையா? இல்லை என்றால் திங்கட்கிழமை முதல் நான் வரமாட்டேன்."

கிடைத்த வேலையை யாராவது இப்படித் தூக்கி வீசுவார்களா? மார்ட்டின் தாடியைத் தடவினார். உண்மையைச் சொன்னால் தனக்குத் தெரியாது, நீங்கள் நடந்ததற்கு எந்த அடையாளமும் இல்லையே என்றார். அந்த ஆளைக் குறை சொல்லவும் முடியாது. ஷீபாவின் முகம் சிவந்துவிட்டது.

நான் என்ன நினைத்து எழும்பினேன் என்று தெரியவில்லை. கேமராவில் என் வயிறுதான் தெரிந்திருக்கும். குனிந்து, "ஐ சா. ஷீ வாக்ட்" என்றேன்.

"அவர் நடந்ததை நீங்கள் பார்த்தீர்களா?"

"பார்த்தேன். தினமும் பார்த்தேன். நான் பக்கத்து நாற்காலி."

சொல்லி முடித்ததுமே எனக்குத் தலை சுற்றியது. நான் எதைப் பார்த்தேன்? அவள் காலையில் வந்து நாற்காலியில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை எழும்பியதே இல்லை. அவள் நடந்ததாக நான் சொல்கிற கப்பலோ உலகத்தில் கிடையாது. அந்தக் கப்பலின் உட்புறம் அதன் வெளிப்புறத்துக்குள் அடங்காது. பறக்கும்போது அது பறப்பதும் இல்லை. ஆனால் கோர்ட்டில் கூண்டேற்றிக் கேட்டாலும் சத்தியம் செய்வேன். அவள் நடந்தாள். ஒரு மூலை விடாமல் நடந்தாள்.

மார்ட்டின் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "ஷீபா நடந்தார். நான் எழுதியது தவறு. மன்னிக்க வேண்டும்" என்றார். நல்ல மனுஷன்தான். ஷீபா "தேங்க் யூ சார்" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள். தாணு சார் என் தோளில் கையை வைத்தார். அத்தனை வருடத்தில் அவர் எனக்குக் கொடுத்த பாராட்டு அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை ஷீபா வந்தாள். இனி ஒவ்வொரு கதவுப்படியிலும் நின்று பார்க்கவேண்டும் என்று வேலைமுறையை மாற்றியிருந்தோம். முதல் படியில் போய் நின்றவள் என் பக்கம் திரும்பி, "அண்ணே, இஞ்ச பாருங்க. நின்னேனா?" என்றாள். "நின்ன மக்கா" என்றேன். விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று நினைத்தேன். அடுத்த படியிலும் கூப்பிட்டாள். கட்டிலில் குதிக்கும்போதும் கூப்பிட்டாள். "பாத்தியளா?" "பாத்தேன்." அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த மாதமும் அப்படியே. மழை ஒழுகும் என்று என்னைக் கேலி செய்த பெண், தனியாக ஒரு அறையைக் கடக்க மாட்டேன் என்றாள்.

ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. என் தலையில் ஏகப்பட்ட வேலை கிடந்தது. "ஏட்டி, எனக்கு வேற சோலி இல்லியா? அதான் நீ நடந்தன்னு அந்தாளே சொல்லியாச்சே. இன்னும் என்னத்துக்கு நான் பாக்கணும்?" என்று கத்திவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. ஸ்கிரீனைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நான் நடந்தேன்னு நான் சொன்னப்பம் அவரு சொல்லல்லியே அண்ணே. நீங்க பாத்தேன்னு சொன்ன பொறவுல்லா சொன்னாரு."

நான் என் நாற்காலியை அவள் பக்கமாகத் திருப்பிப் போட்டேன். ரிட்டயர் ஆகிற வரைக்கும் அது அப்படியே கிடந்தது. அதற்குப் பிறகு அவள் யாரைக் கூப்பிடுகிறாள் என்று எனக்குத் தெரியாது.